ஒரு பக்கம் பாடவில்லை, ஊம் என்று இரைகிறது: வீட்டு ஆடியோ செட்டின் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நண்பர் போன் செய்தார். "இடது பாக்ஸ் போயிடுச்சு, புது ஜோடி வாங்கலாம்னு இருக்கேன், 30,000 ரூபாய்க்குள்ள எது எடுக்கலாம்?" என்றார். ஆம்ப்பை, அதாவது ஆம்ப்ளிஃபயரை, அணைத்துவிட்டு, வலது பக்கம் ஓடும் ஒயரைக் கழற்றி இடது பாக்ஸில் மாட்டிப் பாருங்கள் என்றேன். பாடியது. அப்புறம் பின்னால் எட்டிப் பார்த்தால், ஆம்ப்பில் செருகியிருந்த வெள்ளை பின் பாதி வெளியே வந்திருக்கிறது. வீடு பெருக்கும்போது துடைப்பம் பட்டு இழுபட்டிருக்க வேண்டும். உள்ளே தள்ளியதும் சரியாகிவிட்டது.

சத்தம் வரும் இடம் பாக்ஸ், அதாவது ஸ்பீக்கர் என்பதால் முதல் சந்தேகமும் அதன்மேல்தான் விழுகிறது. ஆனால் போனில் ஆரம்பித்து ஒயர், ஆம்ப், மறுபடி ஒயர், பாக்ஸ், கடைசியில் அறை வரை ஒரு நீளமான சங்கிலி இருக்கிறது. எந்தக் கண்ணி அறுந்தது என்று தெரியாமல் காசைச் செலவழிக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். செய்ய வேண்டியது ஒரே வேலை: ஒவ்வொரு பொருளாக இடம் மாற்றிப் பாருங்கள். எதை மாற்றும்போது கோளாறும் கூடவே போகிறதோ, அதில்தான் கோளாறு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இரண்டை மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும்.

இதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர், சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் செல் ஒன்று, ஒரு பழைய செய்தித்தாள் போதும். ஸ்பீக்கர் ஒயரைத் தொடுவதற்கு முன் ஆம்ப்பை அணைத்தே ஆக வேண்டும், ஏனென்றால் இரண்டு நுனியும் ஒரு நொடி உரசினாலே ஆம்ப்பின் அவுட்புட் பகுதி போய்விடலாம். ஆம்ப்பின் மூடியைத் திறக்கும் வேலை தெரிந்தவர்களுக்கு மட்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும்.

ஒரு பக்கம் மட்டும் கேட்கவில்லை

முதலில் பேலன்ஸ் திருகு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். போனிலும் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் இடது வலது சமநிலைக்கு ஒரு பட்டை இருக்கிறது, குழந்தைகள் கையில் போன் போனால் அது ஒரு ஓரத்துக்குப் போய்விடுவது உண்டு.

அது சரியாக இருந்தால், ஆம்ப்பின் பின்னால் இரண்டு ஸ்பீக்கர் ஒயர்களையும் இடம் மாற்றுங்கள். பாடாத பாக்ஸ் இப்போதும் பாடவில்லை என்றால் கோளாறு அந்தப் பாக்ஸிலோ அதற்குப் போகும் ஒயரிலோ இருக்கிறது. இதுவரை பாடிய பாக்ஸ் ஊமையாகி மற்றது பாட ஆரம்பித்தால் பாக்ஸ்கள் இரண்டும் நலம், கோளாறு ஆம்ப்பிலோ அதற்கு முன்னாலோ. இரண்டாவது நிலை என்றால் ஸ்பீக்கர் ஒயர்களைப் பழையபடி போட்டுவிட்டு, உள்ளே வரும் சிவப்பு வெள்ளை பின்களை ஆம்ப் பக்கத்தில் மட்டும் மாற்றுங்கள். கோளாறு பக்கம் மாறினால் பின் ஒயரோ பாட்டு வரும் கருவியோ காரணம், மாறாவிட்டால் ஆம்ப்தான். ஒயரா கருவியா என்று பிரிக்க, அந்தப் பின்களைக் கருவியின் பக்கத்திலும் மாற்றிப் பார்த்தால் போதும். ஐந்து நிமிட வேலை.

பாக்ஸ்தான் என்று தெரிந்தால் ஒயரைக் கழற்றிவிட்டு மீட்டரை ஓமில் வைத்து அளந்து பாருங்கள். 8 ஓம் பாக்ஸ் என்றால் மீட்டரில் 5.5 முதல் 7 வரை காட்டும், 4 ஓம் பாக்ஸ் 3 முதல் 3.5 வரை. பின்னால் எழுதியிருப்பதைவிடக் குறைவாகக் காட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம், அது இயல்பு. எதுவுமே காட்டவில்லை என்றால் உள்ளே எங்கோ அறுந்திருக்கிறது. அது காயிலாகவும் (கூம்பை ஆட்டும் கம்பிச் சுருள்) இருக்கலாம், ஸ்பீக்கர் கூம்பின் முதுகில் பின்னல் போலப் போகும் மெல்லிய கம்பியாகவும் இருக்கலாம். பின்னதென்றால் சால்டரிங் வைத்துச் சரிசெய்துவிடலாம்.

குறைந்த சத்தத்தில் ஒரு பக்கம் போகிறது, கொஞ்சம் ஏற்றினால் "டப்" என்று வந்துவிடுகிறது

இதைத் தனியாக எழுதுவதற்குக் காரணம், பழைய ஆம்ப் வைத்திருப்பவர்கள் வீட்டில் அடிக்கடி நடக்கும் கோளாறு இது. அவர்கள் பெரும்பாலும் ஐசி, அதாவது சத்தத்தைப் பெருக்கும் சில்லு, போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆம்ப்பை ஆன் செய்த சில நொடி கழித்து உள்ளே "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கிறதல்லவா, அதுதான் ரிலே, ஸ்பீக்கரைப் பாதுகாக்க வைத்த சுவிட்ச். அதன் முனைகளில் வருடக்கணக்கில் கருப்பு படிகிறது, கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றினால் இன்னும் சீக்கிரம். சின்ன சிக்னல் அந்தக் கருப்பைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும், பெரிய சிக்னல் வந்தால் முட்டித் தள்ளிக்கொண்டு போய்விடும்.

சில கடைகளில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுப்பார்கள். கொஞ்ச நாள் ஓடும். ஆனால் தேய்க்கும்போது முனையின் மேல்பூச்சும் போய்விடுவதால் திரும்ப வரும். அதே வோல்டேஜ், அதே கால் அமைப்பு உள்ள புது ரிலே ஒன்று போடச் சொல்லுங்கள், பெரிய விலை இல்லை. எந்த ஜோடி பாக்ஸ் பாட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஸ்பீக்கர் ஏ, பி சுவிட்ச் இருக்கும் ஆம்ப் என்றால் அதையும் 30, 40 தடவை அழுத்தி அழுத்தி விடுங்கள், சில நேரம் கருப்பு அங்கேதான் படிந்திருக்கும்.

திருகைத் திருப்பினால் கரகர

வால்யூம் திருகுக்குள் தூசியும் தேய்மானமும் சேர்ந்துவிட்டது. எலெக்ட்ரானிக் கடைகளில் கான்டாக்ட் கிளீனர் என்று கேட்டால் ஸ்ப்ரே டப்பாவாகக் கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, திருகின் உடம்பில் இருக்கும் ஓட்டை வழியாக ஒரு பீச்சு பீச்சி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை 30 தடவை திருப்பி, நன்றாக உலரவிட்டு ஆன் செய்யுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம், அன்றைக்குச் சரியானது போலத் தெரிந்தாலும் எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுத்தம் செய்த ஒரு வாரத்தில் திரும்ப வந்தால் திருகின்மேல் குற்றம் இல்லாமலும் இருக்கலாம். முன்னால் இருக்கும் கண்டென்சர் ஒன்று டிசி (ஒரே திசையில் பாயும் மின்சாரம்) கசியவிடுகிறது என்று மெக்கானிக்கிடம் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

திருகைத் தொடாமலே கரகர என்றால் வேறு கதை. ஆன் செய்து 20 நிமிடம் கழித்து, சூடான பிறகுதான் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் பெரும்பாலும் ட்ரை சால்டர், அதாவது பற்றவைத்த இடம் வெடித்து, சூட்டில் விரிந்து விலகுவது. மூடி போட்டபடியே மரக்கரண்டியின் காம்பால் மெதுவாக ஆம்ப்பின் மேல்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள். தட்டத் தட்ட சத்தம் மாறினால் சந்தேகமே வேண்டாம்.

ஊம் என்று ஓயாத இரைச்சல்

இதற்குத்தான் பொறுமை வேண்டும். இந்த ஒரு சத்தத்துக்குப் பின்னால் ஏழெட்டு காரணங்கள் இருக்கின்றன. முதல் கேள்வி: வால்யூமை அடியோடு இறக்கினால் இரைச்சல் குறைகிறதா, அப்படியே இருக்கிறதா?

அப்படியே இருந்தால் ஆம்ப்புக்குள்ளேயே கோளாறு. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதை ஆம்ப் டிசியாக மாற்றும்போது 100 ஹெர்ட்ஸில் அலை வரும், அந்த அலையை விழுங்கத்தான் பெரிய கண்டென்சர்கள் இருக்கின்றன. 20, 25 வருடச் சூட்டில் அவை உலர்ந்துவிட்டால் அலை அப்படியே ஸ்பீக்கருக்கு வந்துவிடும். மேல்தலை உப்பியிருந்தால் கண்ணிலேயே தெரியும், உப்பாமலும் செத்திருக்கும். மாற்றும்போது 85 டிகிரி போட்ட இடத்தில் 105 டிகிரி கண்டென்சர் கேளுங்கள், நம் ஊர் வெயிலுக்கு அதுதான் தாங்கும். வோல்டேஜ் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. எல்ஏ4440, எஸ்டிகே ஐசி போட்டு உள்ளூரில் கட்டிய ஆம்ப்புகளில் ஆரம்பத்திலேயே கண்டென்சர் சின்னதாகப் போட்டிருப்பார்கள். அவற்றில் இரைச்சல் முதல் நாளிலிருந்தே இருக்கும், பெரிய கண்டென்சர் ஒன்று போட்டால் கேட்கிற அளவுக்கு வித்தியாசம் தெரியும்.

வால்யூமோடு இரைச்சலும் ஏறி இறங்கினால், அது வெளியிலிருந்து வருகிறது. எதுவும் செருகாத இன்புட்டுக்கு மாற்றிப் பாருங்கள். அமைதியாகிவிட்டால் செருகியிருக்கும் கருவிதான். லேப்டாப்பா? அதன் சார்ஜரைப் பிடுங்குங்கள். சட்டென்று நின்றதா? டிவி வழியாகவா? செட்டாப் பாக்ஸுக்கு வெளியிலிருந்து வரும் கேபிளைத் திருகிக் கழற்றுங்கள். நின்றதா? இரண்டு வழியாக எர்த் வந்து ஒன்றோடு ஒன்று சுற்றிக்கொண்டால்தான் இப்படி ஆகும். டிவிக்கும் ஆம்ப்புக்கும் நடுவே ஆப்டிகல் ஒயர் போட்டால் தீர்ந்தது, அதில் ஒளி மட்டும்தான் போகிறது, கம்பியே கிடையாது. லேப்டாப்புக்கு, கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு சின்ன டப்பி விற்கிறார்கள், அதை நடுவில் மாட்டலாம். அதற்கு முன்னால் எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே அடங்கிவிடும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிட்டால் இரைச்சல் நின்றுவிடும் என்று சொல்வார்கள். நிற்கும்தான். நாளைக்கு ஆம்ப்புக்குள் ஒரு ஒயர் பாடியில் பட்டால் 230 வோல்ட்டும் அதைத் தொடுகிறவர் உடம்பு வழியாகத்தான் போகும். தொட்டுத் திருப்பும் கருவி இது, வீட்டில் குழந்தைகளும் தொடுவார்கள். இப்போதே ஆம்ப்பின் உலோகப் பாடியைத் தொட்டால் விரலில் சுருசுரு என்று இருந்தால், வீட்டு எர்த் சரியில்லை என்றோ கருவியில் கசிவு என்றோ அர்த்தம். பாட்டை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழைய வீடுகளில் சுவிட்ச் போர்டில் எர்த் துளை இருக்கும், அதற்குப் பின்னால் ஒயரே இருக்காது.

ரெக்கார்ட் பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: அதிலிருந்து தனியாக ஒரு மெல்லிய ஒயர் வரும், நுனியில் கவை போல இருக்கும். அதை ஆம்ப்பில் ஜிஎன்டி என்று போட்ட திருகாணியில் மாட்டவில்லை என்றால் ஊம் என்றுதான் கேட்கும். சத்தம் ரொம்பச் சன்னமாக, பேஸே (தாழ்ந்த சுரங்களே) இல்லாமல் வருகிறது என்றால் ஃபோனோ இன்புட்டுக்குப் பதிலாக ஆக்ஸ் என்ற சாதாரண இன்புட்டில் செருகியிருக்கிறீர்கள். ஊசியிலிருந்து வருவது 5 மில்லிவோல்ட் அளவுதான், அதைப் பெருக்கி, இசைத்தட்டில் வேண்டுமென்றே குறைத்துப் பதித்த பேஸைத் திருப்பிக் கொடுக்க ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும்.

சில நேரம் மட்டும் ர்ர்ர் என்ற இரைச்சல்

ஊம் என்பது மொத்தமாக ஒலிக்கும். இது அப்படி இல்லாமல், வண்டு கண்ணாடி டம்ளருக்குள் மாட்டிக்கொண்டது போலக் கூர்மையாக இருக்கும். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கரண்ட் போய் இன்வர்ட்டருக்கு மாறும்போதா? அப்படியானால் அது ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டர். அதன் மின்சாரத்தில் 50 ஹெர்ட்ஸோடு 150, 250, 350 என்று மேலே மேலே அலைகள் கலந்து வரும், டிரான்ஸ்ஃபார்மரே தனியாக உறுமும். சைன் வேவ் இன்வர்ட்டர் என்றால் இந்தத் தொல்லை கிடையாது. அதுவரை கரண்ட் இல்லாதபோது செட்டை அணைத்து வைப்பது நல்லது.

மாலையில் மட்டும், அல்லது புழுக்கமான நாளில் மட்டுமா? சீலிங் ஃபேனைப் பாருங்கள். எங்கள் மாடியில் இருக்கும் அண்ணன் இரண்டு ஆம்ப் மாற்றிப் பார்த்தார், விலை கூடின ஒயர் வாங்கிப் பார்த்தார், இரைச்சல் போகவே இல்லை. ஒரு நாள் அவர் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணி எழுந்து போய் ஃபேனை முழு வேகத்தில் வைத்தார், இரைச்சல் அந்த நொடியே நின்றது. திரும்ப 3க்குக் கொண்டுவந்தார், வந்துவிட்டது. உள்ளே ட்ரையாக் வைத்த ரெகுலேட்டர் ஒவ்வொரு அலையையும் பாதியில் வெட்டி வெட்டி விடுகிறது, அந்த வெட்டுச் சத்தம்தான் ஆம்ப்பில் கேட்கிறது. கண்டென்சர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டர் மாற்றினார்கள். அன்றிரவு அவர் கச்சேரி ரெக்கார்டிங் ஒன்றைப் போட்டுவிட்டு, பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் ஓடும் தம்பூரா இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று தெரியாது என்று சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மர் சுவிட்சும் இதே வேலையைத்தான் செய்கிறது. விலை குறைந்த செல்போன் சார்ஜரும் எல்இடி பல்பும்கூட. ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வாருங்கள்.

இரண்டு பக்கமும் பாடுகிறது, ஆனால் பேஸ் இல்லை, குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை

ஒரு பாக்ஸில் ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு கூம்பு முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகிறது, அழுத்திய காற்றை அது உறிஞ்சிவிடுகிறது, பேஸ் செத்துவிடுகிறது. சரியாக மாட்டிய செட்டில் இரண்டு பாக்ஸுக்கும் நடுவே, யாரோ உட்கார்ந்து பாடுவது போலக் குரல் நிற்க வேண்டும். மாறியிருந்தால் குரல் தலைக்குப் பின்னாலும் காதோரமும் அலையும்.

ஒயரில் ஒரு பக்கம் சிவப்புக் கோடோ, விரலால் தடவினால் தெரியும் வரம்போ இருக்கும். அதை இரண்டு பக்கமும் சிவப்பு முனையிலேயே மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒயர் சரியாக இருந்தும் சந்தேகம் என்றால், யாராவது பாக்ஸைத் திறந்து உள்ளே மாற்றி வைத்திருக்கலாம். ஆம்ப்பிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் செல்லின் ப்ளஸ்ஸை சிவப்பு ஒயரிலும் மைனஸை மற்றதிலும் ஒரு நொடி தொடுங்கள். வூஃபர், அதாவது பேஸ் பாடும் பெரிய கூம்பு, முன்னால் எட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு பாக்ஸும் ஒரே பக்கம் அசைந்தால் சரி. மேல் சுரங்களைப் பாடும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரில் நேரடியாக இந்தச் சோதனை வேண்டாம்.

பேஸ் கிட்டாரும் மிருதங்கத்தின் தொப்பியும் இருக்கும் பாட்டாகப் போட்டுப் பாருங்கள். வலந்தலை மட்டும் டங் டங் என்று கேட்டு, தொப்பியின் கும்காரம் காணாமல் போனால் உடனே தெரிந்துவிடும்.

பேஸ் மட்டும் அண்டாவுக்குள் பேசுவது போல

இங்கே செட்டில் கோளாறு இல்லை, அறையில் இருக்கிறது. நம் வீடுகள் கான்கிரீட் சுவரும் டைல்ஸ் தரையும். 10 அடி இடைவெளியில் இரண்டு எதிர்ச் சுவர் இருந்தால் சுமார் 57 ஹெர்ட்ஸில் ஒரு சுரம் அவற்றுக்கு இடையே மாட்டிக்கொண்டு ஆடும், 12 அடி என்றால் 48. பத்துக்குப் பத்து சதுர அறையில் நீளமும் அகலமும் ஒரே சுரத்தைத் தூக்கிவிடுவதால் இரட்டிப்புத் தொல்லை. பாக்ஸை மூலையில், அதுவும் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இடுக்கி வைத்தால் இன்னும் மோசம்.

பாக்ஸைச் சுவரிலிருந்து ஒரு அடி முன்னால் இழுங்கள். பின்னால் ஓட்டை உள்ள பாக்ஸ் என்றால் இது கட்டாயம். முடியாத வீட்டில் அந்த ஓட்டையில் ஒரு பழைய காட்டன் சாக்ஸைச் சுருட்டி வைத்தால் பேஸ் கொஞ்சம் குறைந்து தெளிவாகும். நீங்கள் உட்காரும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். சுவரோடு ஒட்டிய சோஃபாவில் பேஸ் ஏறும், அறையின் சரிபாதியில் உட்கார்ந்தால் அதே சுரம் காணாமலே போகும். இரண்டு அடி முன்னே பின்னே நகர்வதற்குக் காசு கிடையாது, ஆனால் 50,000 ரூபாய் கொடுத்து ஆம்ப் மாற்றினாலும் கிடைக்காத வித்தியாசம் அதில் கிடைக்கும். சப்வூஃபர் வைத்திருந்தால் அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, தரையில் தவழ்ந்தபடி சுவரோரமாக ஒரு சுற்று வாருங்கள். எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கேதான் அதற்கு இடம்.

கை தட்டினால் டர்ர் என்று எதிரொலிக்கிறதா? அது மேல் சுரங்களைக் கூச வைக்கும். தரையில் ஒரு கனமான பவானி ஜமுக்காளம், ஜன்னலுக்குத் திரை, எதிர்ச் சுவரில் புத்தகம் நிறைந்த அலமாரி, இவை போதும். சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதைப் பலர் செய்கிறார்கள், அதற்கு பேஸைத் தொடும் சக்தி கிடையாது.

சத்தம் ஏற்றினால் அணைந்துவிடுகிறது, சிவப்பு விளக்கு எரிகிறது

ஆம்ப் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஸ்பீக்கர் முனையில் ஒயரின் ஒரு மெல்லிய இழை வெளியே நீட்டிக்கொண்டு அடுத்த முனையைத் தொடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், இதுதான் முதல் காரணம். அடுத்தது, ஹாலுக்கு ஒரு ஜோடி, சமையலறைக்கு ஒரு ஜோடி என்று ஒரே முனையில் சேர்த்திருந்தால், இரண்டு 4 ஓம் சேர்ந்து 2 ஓம் ஆகிவிடும், வீட்டு ஆம்ப் பெரும்பாலும் அதைத் தாங்காது. ஆம்ப்பின் மேல் செட்டாப் பாக்ஸையும் ரவுட்டரையும் அடுக்கி, காற்று போகும் ஓட்டைகளை மூடியிருந்தால் அதையும் எடுங்கள். ஸ்பீக்கர் எதையும் மாட்டாமல் ஆன் செய்தாலும் அதே சிவப்பு விளக்கு வந்தால் அவுட்புட் போயிருக்கிறது, கடைக்குத்தான் போக வேண்டும். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள், டிசி வெளியே வந்தால் வூஃபரின் காயில் எரிந்துவிடும்.

குரலில் ஸ, ஷ கேட்கவில்லை, மூடிவைத்த மாதிரி இருக்கிறது

செய்தித்தாளைக் குழாயாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ட்வீட்டருக்கு அருகிலும் வையுங்கள். எதுவும் கேட்கவில்லை என்றால் ட்வீட்டர் பாடவில்லை. அதன் ஒயரைக் கழற்றி ஓம் அளந்து பாருங்கள், எண் காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது, அதற்கு முன்னால் இருக்கும் சின்ன கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள். அது ப்ளஸ் மைனஸ் இல்லாத வகை, அதே மைக்ரோஃபாரட் எண்ணில் மாற்ற வேண்டும்.

காயில் எரிந்திருந்தால் ஏன் எரிந்தது என்றும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் புதிதும் எரியும். பெரிய ஆம்ப் போட்டதால் எரிந்தது என்பார்கள். பெரும்பாலும் சின்ன ஆம்ப்பை முக்கி முனகி ஓட்டியதால்தான் எரிகிறது. சக்தி போதாத ஆம்ப் அலையின் தலையை வெட்டிவிடும், அப்படி வெட்டிய அலையில் மேல் சுரங்கள் பெருகி ட்வீட்டரில் இறங்கும். பெட்டியில் பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் வாட் எண்ணைப் பார்க்க வேண்டாம், ஆர்எம்எஸ், அதாவது ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய வாட், என்ன என்று பாருங்கள். சத்தம் கரடுமுரடாக மாறும் இடம் காதுக்குத் தெரியும், அதற்கு முன்னாலேயே கையை எடுத்துவிடுங்கள்.

குழந்தை விரலை வைத்து ட்வீட்டரின் குமிழை அமுக்கிவிட்டால் திட்டாதீர்கள். துணிக் குமிழ் என்றால் செல்லோ டேப்பை லேசாக ஒட்டி மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். உலோகக் குமிழ் என்றால் தொடாமல் விட்டுவிடுங்கள், கிழிந்தால் அவ்வளவுதான்.

வூஃபர் பட்பட் என்று அடிக்கிறது

முன் துணியைக் கழற்றிவிட்டு கூம்பைச் சுற்றி இருக்கும் வளையத்தை விரலால் தொடுங்கள். கருப்புப் பொடியாக, பிசுபிசு என்று கையோடு வந்தால் அது ஃபோம். நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் 10, 15 வருடத்தில் மட்கிவிடும், யார் தப்பும் இல்லை. அப்பா வாங்கிய பாக்ஸ், தூக்கிப் போட மனசில்லை என்றால் போட வேண்டாம். வூஃபரின் கூம்பும் காயிலும் நன்றாக இருந்தால் ஃபோம் மட்டும் மாற்றலாம். வளையத்தின் உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டையும் மில்லிமீட்டரில் அளந்து கேளுங்கள், 8 அங்குலம் என்று மட்டும் சொன்னால் தவறானது வரும். ரப்பர் வளையம் நீடித்து உழைக்கும்தான், ஆனால் ஃபோமுக்காக வடிவமைத்த வூஃபரில் அதைப் போட்டால் பேஸின் குணம் மாறிவிடும். பழைய பசையைச் சுரண்டி முழுக்க எடுத்துவிட்டு, புதிய பசை காய்வதற்குள் 30 ஹெர்ட்ஸ் ஒலியைக் குறைவாக ஓடவிட்டு, காயில் எங்கும் உரசாத இடத்தில் நிறுத்தி, 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள்.

வளையம் நன்றாக இருந்தும் சத்தம் வந்தால், இரண்டு கை விரல்களையும் கூம்பின் இரண்டு பக்கமும் சமமாக வைத்து மெதுவாக அழுத்துங்கள். சர்க் என்று உரசினால் காயில் சாய்ந்திருக்கிறது அல்லது வெந்திருக்கிறது. அதற்கு ரீகாயில் செய்யும், அதாவது புதுக் காயில் போட்டுத் தரும் கடைதான் வழி. சென்னையில் ரிச்சி தெருப் பக்கம் விசாரித்தால் கிடைக்கும்.

டிவியில் பாட்டு சரி, பேச்சு கேட்கவில்லை

டிவி 5.1 ஆக, அதாவது ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்து அனுப்புகிறது, உங்களிடம் இருப்பது இரண்டு பாக்ஸ். பேச்செல்லாம் நடு ஸ்பீக்கருக்குப் போகிறது, அது உங்கள் வீட்டில் இல்லை. டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் அவுட்புட்டை பிசிஎம் என்று மாற்றுங்கள், எல்லாம் இரண்டு பாக்ஸுக்குச் சேர்ந்து வரும். ஆப்டிகலில் சத்தமே வரவில்லை என்றாலும் இதே மருந்துதான், கூடவே ஒயரின் நுனியில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினீர்களா என்றும் பாருங்கள். உதடு முன்னால் போய் குரல் பின்னால் வந்தால் ப்ளூடூத்தை விட்டுவிட்டு ஒயர் போடுங்கள், படம் பார்க்க அதுதான் நல்லது.

ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் ஜிர்ர்

கடைசியாக இது. பாக்ஸைத் திறந்து பார்த்து, வூஃபரை அழுத்திப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தும் சில பாட்டில், சில இடத்தில் மட்டும் ஜிர்ர் என்று ஒரு சத்தம். போனில் டோன் ஜெனரேட்டர் ஒன்றை இறக்கிக்கொண்டு 30 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை மெதுவாக ஏற்றுங்கள். சத்தம் வரும் எண்ணில் நிறுத்திவிட்டு, வீட்டில் இன்னொருவரை எழுப்பி, அறையில் இருக்கும் பொருட்களை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்தச் சொல்லுங்கள். ஷோகேஸ் கண்ணாடி, ஜன்னல் கொக்கி, அலமாரியில் கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர், டியூப் லைட்டின் மூடி. எங்கள் வீட்டில் 63 ஹெர்ட்ஸில் வந்தது. நான் பாக்ஸின் திருகாணிகளை எல்லாம் இறுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா நேராகப் போய் சுவரில் இருந்த முருகன் படத்தின்மேல் கையை வைத்தார். நின்றுவிட்டது. சட்டத்தின் கீழ் இரண்டு மூலையிலும் பழைய சைக்கிள் ட்யூபிலிருந்து ஒரு துண்டு வெட்டி ஒட்டினோம்.